வாசலோடு நின்ற வெள்ளம்

காலையில் என் கையால் காபி வாங்கிக் குடித்து, "சர்க்கரை கம்மி" என்று குறையும் சொல்லிவிட்டுப் போன மனிதர், நான் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த கையோடு என் மேசைக்கு எதிரே வந்து நின்று "வணக்கம் மேடம்" என்றார். அவர் என் மாமனார். பின்னால் எங்கள் தெருவே திரண்டு நின்றது. எதிர்வீட்டு ரிட்டையர்டு தலைமையாசிரியை, முனைக்கடை மளிகைக்காரர், இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம்.

"என்ன மாமா இது?"

"இங்க நான் மாமா இல்ல மேடம். தெரு சங்கத் தலைவர்."

கடுப்பு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நாற்காலி போடச் சொன்னேன்.

மாநில அரசின் பேரிடர் தணிப்புப் பிரிவில் எனக்கு வேலை. வெள்ளம் வந்த பிறகு படகோடு ஓடுவது வேறு துறை. அவர்களுக்குச் சைரன் வண்டி உண்டு, டிவி பேட்டி உண்டு. வருவதற்கு முன்பே எந்தத் தெருவில் தண்ணீர் புகும், எந்தப் பாலம் தாங்காது என்று பார்த்து, சேதம் குறைய வழி செய்வது நாங்கள். எங்கள் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து பேட்டி எடுப்பார்கள்?

அந்த வாரம்தான் எங்கள் வரைவுத் திட்டம் வெளியாகியிருந்தது. அதில் எங்கள் தெருவுக்கு நேராக நானே என் கையால் 'தாழ்வான பகுதி' என்று போட்டிருந்தேன். வந்தது வினை.

"எங்களைத் தாழ்வானவங்கன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவன் எங்க தெருவுல வீடு வாங்குவான்? எவன் சம்பந்தம் பண்ணுவான்?" என்றார் மாமா.

"உங்களை எழுதல மாமா. தெருவை எழுதியிருக்கு."

"தெருவுல நாங்கதானே இருக்கோம்?"

"பேர்லயே மேடு இருக்கும்மா," என்றார் தலைமையாசிரியை, ஆறாம் வகுப்புக்குச் சொல்வது போல. "மேட்டைப் போய்ப் பள்ளம்னா எப்படி?"

தெருவின் பெயரில் 'மேடு' இருப்பது உண்மைதான். அந்தப் பெயரை வைத்தவர் அங்கே மனை போட்டு விற்றவர். அவர் மட்டும் அங்கே குடிவரவில்லை.

ஆட்சேபணை மனுவைக் கொடுத்துவிட்டு ஊர்வலம் கிளம்பியது. போகிற போக்கில் மாமா குனிந்து, "சாயங்காலம் வரும்போது எனக்கு மூட்டுவலித் தைலம்," என்றார் மெதுவாக.

பட்டியலில் இருக்கும் பகுதிகளுக்குத்தான் இந்த மழைக்காலத்துக்கு முன் அகல வடிகாலும், தண்ணீரை இறைத்து வெளியேற்றப் பெரிய மோட்டாரும் கிடைக்கும். தெருவே வேண்டாம் என்றால் பெயரை அடித்துவிட்டு வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இது எனக்கு வெறும் ஃபைல் இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அத்தை முழங்கால் வலியோடு கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். மாமா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சத்தம் கேட்காமல் வாளியால் அள்ளி அள்ளிக் கொல்லைப்பக்கம் ஊற்றுவார். மழை விட்டதும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். எதிர்வீட்டிலிருந்து தலைமையாசிரியை கேட்பார், "உங்க வீட்ல எப்படி சார்?" "சேச்சே, வாசலோட நின்னுடுச்சு. உங்க வீட்ல?" "இங்கயும் வாசலோட நின்னுடுச்சு." தெரு நெடுக இதே பேச்சுதான். எல்லோர் புடவையும் வேட்டியும் முழங்கால்வரை நனைந்திருக்கும். வெள்ளம் மட்டும் ரொம்ப மரியாதையாக வாசலோடு நின்றிருக்கும்.

போன மழையில் அத்தை தண்ணீருக்குள் இறங்கி, ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார். நான் போட்ட கூச்சலில் கை அப்படியே நின்றது. நான் வீட்டில் இருந்ததால் ஆயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் என் கணவர் சனி ஞாயிறுதான் வருவார். அடுத்த மழை அலுவலக நேரத்தில் வந்தால்?

அன்று வீட்டில் மாமா என்னோடு நேராகப் பேசவில்லை. "உன் மருமககிட்ட சொல்லு, தைலம் மூடியே திறக்கல," என்று சுவருக்குச் சொன்னார். அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"அந்த வார்த்தையை மாத்தித் தொலையேன். அவருக்கு அதுதான் உறுத்துது."

"'பள்ளமான பகுதி'ன்னு போடவா?"

"அடிப்பாவி, இதுக்கு அதுவே தேவலை."

"'நீர் தேங்கும் பகுதி'?"

"நாங்க என்ன குளமா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. பேசாதவருக்குக் காது மட்டும் நன்றாகவே கேட்டது.

அத்தை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "முதல்ல எங்களைத்தானே காப்பாத்தப் போறீங்க? அதைச் சொல்லு. கல்யாண வீட்ல முதல் வரிசைல உக்காருங்கன்னா எவனாவது கோவிச்சுக்குவானா?" என்றார்.

கப்பென்று பிடித்துக்கொண்டேன். மறுநாளே 'தாழ்வான பகுதி' போய் 'முதல்வரிசைப் பகுதி' வந்தது. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம் சார்'. ஃபைலை நீட்டினால் அவர் வாயிலிருந்து வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. இதையும் பார்த்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். மாமா பார்த்துவிட்டு, "ம், இது மரியாதையா இருக்கு," என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரே வந்திருந்தது. முதல்வரிசைப் பகுதிகளை நான் வாசித்து முடித்ததும் பல் டாக்டர் எழுந்தார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, நிஜமாகவே மேட்டில் இருப்பவர்.

"எங்க தெருவுல இருக்கறவங்க மட்டும் கடைசி வரிசையா?"

"உங்க தெரு உயரம் டாக்டர். தண்ணி நிக்காது."

"யார் சொன்னா? போன மழைல என் க்ளினிக் வாசல்ல கணுக்கால்வரை தண்ணி!"

அது அவர் மாடித் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கைதட்டல் விழுந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்தார்கள். தங்கள் தெருவில் முட்டிவரை என்றார் ஒருவர். பக்கத்துத் தெருக்காரர் தொடைவரை என்றார். குன்றின்மேல் வீடு கட்டியிருப்பவர் ஒருவர் படகு கேட்டார்.

தாழ்வு என்றால் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். முதல் வரிசை என்றால் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். எனக்கு என்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நான் மாற்றியது வார்த்தையை மட்டும்தான்.

இயக்குநர் என் பக்கம் சாய்ந்தார். "மோட்டாரை டாக்டர் தெருவுலயே வெச்சுடலாம்மா. ஊருக்கு நடுவுல இருக்கு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"சார், தண்ணி மேடேறிப் போய் மோட்டாரைத் தேடணுமா?"

"பார்க்கலாம்," என்று பேனாவைத் திறந்தார். அவர் பேனாவைத் திறந்தால் மூடுவதற்குள் கையெழுத்து விழுந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன்.

"எங்க தெருக்காரங்க யாராவது சொல்லுங்க. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா வராதா?"

மளிகைக்காரர் செருப்பைப் பார்த்தார். தலைமையாசிரியை, "வந்து... வாசலோட..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது அத்தை நாற்காலிக் கையைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீ உக்காரு," என்றார் மாமா. "நான் சொல்றேன்."

எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்குள்ள தண்ணி வரும். ஒவ்வொரு மழைக்கும் வரும்."

"சார், போன வாரம் உங்க தெரு மேடுன்னு நீங்கதானே மனு குடுத்தீங்க?" என்றார் பல் டாக்டர்.

"ஆமா. பொய் எழுதினேன்."

யாரோ சிரித்தார்கள். மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நான் சர்வே ஆபீஸ்ல இருந்தவன். இந்த ஊர்ல பாதிப் பேர் நிலத்தை அளந்து குடுத்தவன். எனக்குன்னு வாங்கறப்ப மட்டும் அளக்கல. கூட வேலை பாத்தவன் வித்தான், நம்பிட்டேன். வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஒரு நாள் யாருக்கும் தெரியாம அளந்து பாத்தேன். டாக்டர் வீட்டு வாசப்படியும் என் வீட்டு ஜன்னலும் ஒரே மட்டம்." "ஊருக்கெல்லாம் அளந்தவன் பள்ளத்தை வாங்கிட்டான்னு சிரிப்பீங்கன்னு இவகிட்டகூடச் சொல்லல. போன மழைல இவ தண்ணிக்குள்ள நின்னு சுவிட்சைத் தொடப் போனா. என் மருமக கத்தலைன்னா இன்னைக்கு இந்த நாற்காலி காலியா இருந்திருக்கும். இந்த ஊர்ல எங்க தெருவைவிடத் தாழ்வான தெரு கிடையாது. மோட்டார் எங்களுக்குத்தான் வேணும்."

உட்கார்ந்தார். அத்தை அவரையே பார்த்தார். "ஜன்னல் மட்டமா? அளந்து தெரிஞ்சே என்னை அங்க குடிவெச்சிருந்தீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். கேட்டாலும், அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தவர் மளிகைக்காரர். "என் கடைல சர்க்கரை மூட்டையே கரைஞ்சு ஓடிடுச்சு. வாசலோட நின்னுடுச்சுன்னு நான்தான் ஊர் பூராச் சொன்னேன்."

"எங்க வீட்ல முட்டிவரை," என்றார் தலைமையாசிரியை.

"முட்டிதானே? எங்களுக்கு இடுப்பு!" என்றது பின்வரிசை.

"உங்களுக்கு எப்படி இடுப்பு? உங்க வீடு எங்களதைவிட ஒரு படி உசரம்!"

எங்கள் தெருக்காரர்கள் இத்தனை வருஷம் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டினார்கள். மிதந்துபோன செருப்பு, கட்டிலுக்கடியில் வந்த பாம்பு, ஊறி உப்பிப்போன கதவு. பல் டாக்டர் சிரித்துவிட்டார். "சரி சார், என் வாசல்ல நின்னது தொட்டித் தண்ணிதான். எழுதிக்கோங்க," என்றார். படகு கேட்டவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். இயக்குநர் சுற்றிலும் பார்த்துவிட்டு, நான் காட்டிய இடத்தில், எங்கள் தெருவுக்கு நேராகவே, கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வரும்போது அத்தை தலைமையாசிரியையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மாடி இருக்கே டீச்சர். மழைல என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, மாடில தனியா உக்காந்திருப்பேன். கரண்ட் இருக்காது, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. பயமா இருக்கும். நீங்க ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"நீங்கதான் வாசலோட நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே!"

"நீங்களும்தானே சொன்னீங்க!"

"இனிமே மழைன்னா எல்லாரும் என் வீட்டு மாடிக்கு வந்துடுங்க," என்றார் தலைமையாசிரியை. பிறகு வீடு வந்து சேரும்வரை எந்த அறையில் யார் படுப்பது, யார் வீட்டுப் பாய், மழை வலுக்கும் முன் மெயின் சுவிட்சை யார் அணைப்பது என்று பேச்சு ஓயவில்லை. வெள்ளத்தின்போது மக்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்புவது பற்றி எங்கள் திட்டத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதை நான் இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆணை வந்தது. தெருவைத் தோண்டினார்கள். வடிகாலில் பாதி முடிந்திருந்தது. மோட்டாருக்குச் சிமெண்டு மேடை கட்டியாகிவிட்டது, மோட்டார்தான் வந்துகொண்டே இருந்தது. அப்போது, என் கணவர் ஊருக்கு வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் இருட்டி, நாலு தூறல் விழுந்தது.

அத்தை எழுந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். அலமாரியிலிருந்து நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டார். மாத்திரை, டார்ச், மாற்றுத் துணி வைத்த பையைத் தோளில் மாட்டினார்.

"ஏண்டி, வெறும் தூறல்!" என்றார் மாமா.

"இருக்கட்டும்," என்று குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அத்தை மட்டுமில்லை. மளிகைக்காரர் தலையில் சர்க்கரை மூட்டையோடு போனார். இடுப்புவரை தண்ணீர் என்றவர்கள் பாய் தலையணையோடு குடும்பமாகப் போனார்கள். தெருவில் பாதி தலைமையாசிரியை வீட்டு மாடிக்கு ஏறிவிட்டது. தரையில் ஒரு செருப்பு நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவ்வளவு சந்தோஷம்.

மழை கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிட்டது. வெயில்கூட வந்தது. மாடியிலிருந்து யாரும் இறங்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் தெருக்கோடிவரை கேட்டது.

மாமா நடுத்தெருவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "மழை விட்டுடுச்சு, இறங்கி வாங்க!" என்று கத்தினார்.

அத்தை மாடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார். "வர முடியாது. இப்பதான் டீ போட்டிருக்கு. நீங்க மேல வாங்க!"

மாமா இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.