பொருக்குப் பனி

ஹால்டிஸ் பனிச்சறுக்குப் பலகைகளில் ஒரு விரிசல்கூட விடாமல் சரிவில் இறங்கிப் போய்விட்டாள். ஒல்லியான உடம்பு, பனியின் மேல் இறுகிக் கிடந்த பொருக்கு அவளைத் தாங்கிக்கொண்டது. அதே இடத்தில் குன்வோர் முட்டி மடக்கித் திரும்பியதும் அது அப்பளமாக நொறுங்கியது. முன்காலில் மாட்டியிருந்த பலகையின் நுனி பொருக்குக்கு அடியில் புகுந்துகொள்ள, முகம் குப்புற விழுந்தாள்.

"ஏன்டி, மலைக்கு முத்தம் குடுக்கிறியா?" கீழேயிருந்து ஹால்டிஸ் கத்தினாள். "பொருக்குப் பனின்னா குன்வோர்தான்னு ஊரே சொல்லுது!"

குன்வோர் பனியைத் துப்பினாள். ஊர் மட்டுமா, அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். போன ஈஸ்டர் வரைக்கும் அவளுக்கு முன்னால் தார்யே இறங்குவான். வாட்டசாட்டமான ஆள். அவன் போன தடத்தில் பொருக்கு என்று எதுவும் மிஞ்சாது. அந்தத் தூளில் அவள் ஒயிலாக வளைந்து வளைந்து வருவாள். "உன்னை மாதிரி எனக்கு வராது" என்பான் கீழே நின்று. கேலி இல்லை. தன் பாரம்தான் அவளுக்கு வழி உடைத்துத் தருகிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அவன் பெர்கன் நகரத்தில், வேறொருத்தியோடு. இலையுதிர்காலம் முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாயிற்று. இன்று ஏங்கியது அவன் முகத்துக்கோ பேச்சுக்கோ அல்ல. முன்னால் போகும் அந்த அகன்ற முதுகுக்கு. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் ஏக்கம் போகவில்லை.

"முடியலன்னா கழட்டிட்டு நடந்து வாடி! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!"

"நீயா? கடைத்தெருவுல நின்னு சொல்லுவ!"

நடந்து இறங்கினால் இனி இந்த மலைக்கு வர மாட்டாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"பின்கால்ல நில்லு! முன்காலையே கட்டிக்கிட்டு அழாத!"

தெரியாததா? பயந்தால் உடம்பு முன்காலில் போய் விழும். பாதி பாரம் பின்காலுக்கு வேண்டும். குதிகால் தூக்கி, விரல்களில் அழுந்தி, கண்ணில் படாத அந்தக் காலை நம்ப வேண்டும். இத்தனை வருடங்களில் அதற்கு அவசியம் வந்ததே இல்லை.

தாழ்ந்தாள். பொருக்கு உடைந்தது. இரண்டு பலகைகளும் ஒன்றாக அமிழ்ந்து, ஒன்றாகத் திரும்பின. இன்னொரு திருப்பம். மூன்றாவதில் கையை ஊன்றிச் சமாளித்தாள். அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதிச் சரிவில் மூச்சு வாங்க நின்றாள்.

"நின்னுட்டியே! வாடி, பையில இருக்கிற ஆரஞ்சு எல்லாத்தையும் நானே தின்னுடுவேன்!"

குன்வோர் திரும்பி மேலே பார்த்தாள். அவளுடைய தடம் அகலமாக, ஆழமாக, தூள் தூளாகக் கிடந்தது. அதில் யாரோ இறங்கி வரப்போவதுபோல ஒரு கணம் காத்து நின்றாள். உடைந்த பொருக்குத் துண்டுகள் கண்ணாடிச் சில்லுகளாகக் கிணுகிணுத்தபடி அவள் கால்களைக் கடந்து, வெயிலில் மின்னி, கீழே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன.