தங்கைக்குக் கட்டிய பை

காலில் மாட்டி நீந்தும் கார்பன் துடுப்பைக் கழற்றாமல் அப்படியே பையில் போட்டு விமானத்தில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே ஒரு பெட்டி விழுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அது உடைவதென்னவோ தண்ணீருக்குள் பாதி ஆழத்தில்தான். அதனால் திருகுகளைக் கழற்றி, கால் நுழைக்கும் ரப்பரைத் தனியே எடுத்துவிட்டு, நீளத் தகடுகள் இரண்டையும் நடுவில் துண்டு வைத்துச் சேர்த்து, தண்ணீரில் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையால் சுற்றிக் கட்டினேன். அந்த உடையை மடிக்கக் கூடாது. மடித்த கோட்டின் வழியாகக் குளிர் ஏறும். இடுப்பில் எடைக்குக் கோக்கும் ஈயக் கட்டிகள் போகிற இடத்தில் கிடைக்கும், பெல்ட் மட்டும் போதும். திருகுகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டேன். பதறாத காரியம் சிதறாது.

பை என்னுடையதல்ல, தங்கையுடையது. அவளும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு, கயிற்றை ஒட்டிக் கடலுக்குள் இறங்குகிறவர்கள். ஒருத்தி இறங்கினால் மற்றவள் மேலே காத்திருந்து, பாதி வழி எதிரே போய்க் கூட்டி வருவாள். இறங்குகிறவளுக்கு வேறு கவலை இருக்கக் கூடாது என்று அவள் பையை நானும் என் பையை அவளும்தான் கட்டுவோம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்குக்குத் தனி வழக்கம். ஆரம்பத்தில் ஒருநாள் என்னை எழுப்பாமல், தனியாகப் போய் இறங்கிவிட்டாள் மகராசி. வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டி, அவள் மாஸ்க்கைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்படியானால் உன்னுடையது என்னிடம் இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து ஒருத்தி இல்லாமல் மற்றவள் இறங்க முடியாது. முகத்துக்குப் பழகின மாஸ்க் அது; வேறு எதைப் போட்டாலும் தண்ணீர் புகும்.

இந்த முறை நான் போகவில்லை. என் உள்காது கெட்டுப்போய்விட்டது. இனி ஆழம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை இறங்கப்போகும் வெளியூர்ப் போட்டிக்குத் துணையாகப் போவது, நீச்சல் குளத்தில் அவளோடு பழகிய ஒருத்தி. நெட்டையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். கொக்கு என்று பெயர் வைத்தவள் நான்தான், பொறாமையில். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. போன வருஷம் தங்கை மேலே வந்த கையோடு மயங்கிச் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்து எழுப்பியவள் நான். மறுபடி அப்படி ஆனால் இந்தக் கொக்கு எழுப்பிவிடுமா என்பதுதான் என் கவலை. தங்கையிடம் கேட்டால், அவளும் முறையாகப் பயிற்சி எடுத்தவள்தான் என்று சிரித்தாள். வழியனுப்ப வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அப்பாதான் காரில் இருவரையும் கூட்டிப் போனார்.

அவர்கள் போனபிறகு, ரப்பர் உடைக்குப் போட்டதில் தரையில் சிந்தியிருந்த பவுடரைத் துடைத்துவிட்டு என் கைப்பையை ஆணியில் மாட்டப் போனேன். கனத்தது. உள்ளே பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் துணி சுற்றிய அவள் மாஸ்க். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கை என்னைக் கேட்காமலே அதை வழக்கமான இடத்தில் வைத்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். இது இல்லாமல் அவள் இறங்க மாட்டாள், திரும்பி வந்துவிடுவாள் என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. அவளாவது திரும்பி வருவதாவது. யாரிடமாவது எதையாவது இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்குவாள். அப்பாவுக்குப் போன் செய்து, அவளை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன்.

விமான நிலைய வாசலில் மூன்று பேரும் தள்ளுவண்டியோடு நின்றார்கள். தங்கை டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேணும்னே வச்சுக்கிட்டியாக்கா?"

"இல்லடி, கைமறதி. ஆனா பையில பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் கையை மட்டும் நீட்டினாள். நான் அந்தக் கையைத் தாண்டிப் போய் டப்பாவைக் கொக்கிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகும் என் விரல்கள் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

"இனிமே இது உன் பையில இருக்கட்டும்மா. நீ பக்கத்துல இருந்தாத்தான் இவ கைக்குப் போகணும்."

கொக்கு அதை வாங்கித் தன் பையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் மாஸ்க்கை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். வழக்கத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கை வாங்காமல் என்னையே பார்த்தாள். வாங்கிக்கொள் என்று தலையசைத்தேன். 

இவள் மயங்கினால் என்ன செய்வாய் என்று கொக்கைக் கேட்டேன். முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன், மாஸ்க்கைக் கழற்றுவேன், கண்ணருகே ஊதிப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று தன் முணுமுணுப்புக் குரலில் ஒப்பித்தாள். எல்லாம் சரிதான்.

"பேர் சொன்னா இவ வரமாட்டா. திட்டணும்."

"என்னன்னுக்கா திட்டணும்?"

சொன்னேன். அவள் கூச்சத்தோடு உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல. மயங்கி அவ்வளவு தூரம் போனவளுக்கு எப்படிம்மா கேக்கும்?"

கொக்கு பையைக் கீழே வைத்தாள். தங்கையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏண்டி கழுதை, மூச்சு விடுடி."

அதுவரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்த தங்கை, மூச்சு விட்டாள்.