கமாண்டர் போடச் சொன்ன விளக்கு

சோபா கடை மேனேஜரை வாரத்தில் ஆறு நாள் யாரும் கமாண்டர் என்று கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் துணி தேய்க்கும் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால் மட்டும் அவர் கமாண்டர். விமானச் சண்டை விளையாட்டில் ஆறு பேர் கொண்ட ஒரு படைக்கு நாலு வருஷமாக அவர்தான் தலைவர். மற்ற ஐந்து பேரும் அவரவர் வீட்டிலிருந்தே பறப்பவர்கள்.

இப்போது அந்தப் பதவிதான் ஆட்டம் கண்டிருந்தது. வரிசையாக மூன்று ஞாயிறு தோல்வி. படையில் சின்ன விமானம் ஓட்டும் பல் டாக்டர், "இந்த வாரமும் தோத்தா வேற ஆளைப் போட்டுக்கலாம். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசும் அதே இதமான குரலில்.

கமாண்டர் வாரம் முழுக்கக் கடையில் சோபாக்களுக்கு நடுவே நடந்து நடந்து யோசித்தார். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலியைப் போட்டால் எடுப்பாக இருக்கிறது. விமானத்துக்கு மட்டும் ஏன் இருக்காது?

"குண்டு போடற பெரிய வண்டி மூணு, காவலுக்குச் சின்ன வண்டி மூணு. ஒண்ணுவிட்டு ஒண்ணா, இறக்கையோட இறக்கை உரசற மாதிரி வரணும். பாத்தா ஒரே செட்டுன்னு தெரியணும்" என்று ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனில் சொன்னார்.

"பெரிய வண்டி மாட்டு வண்டி வேகத்துல போகும்" என்றார் டாக்டர். "அதுகூட ஒட்டிக்கிட்டு வந்தா என் வண்டி வேகம் பத்தாம கீழ விழும். நாங்க மேல வட்டம் போட்டுக்கிட்டே வர்றோமே, காவலுக்குக் காவலும் ஆச்சு."

"வட்டம் போட்டா செட் கலைஞ்சிடும் டாக்டர்."

இன்னொரு சங்கடமும் இருந்தது. வீட்டு ஜன்னலில் வெயில் கொளுத்தினாலும், விளையாட்டுக்குள் அன்றைக்குப் பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்தில் வருபவன் தெரிந்தால்தானே ஒட்டிப் பறக்க முடியும். அதற்கும் கமாண்டர் வழி வைத்திருந்தார். "எல்லாரும் லேண்டிங் லைட்டைப் போட்டுக்கங்க." ஓடுதளத்தில் இறங்கும்போது மட்டும் போடும் விளக்கு அது. பல மைல் தூரத்துக்கு அடிக்கும்.

கமாண்டர் மனைவியின் தம்பி டவுன் பஸ் டிரைவர். படையிலேயே பெரிய விமானம் அவனுடையது. அவன் தொண்டையைச் செருமினான். "மாமா, ரோட்டுல நான் லைட் போடறது எதுக்க வர்றவனுக்கு நான் தெரியணும்னு. இங்க எதுக்க வர்றவன் சுடறதுக்குன்னே வர்றான்."

"மச்சான், பஸ் வேற, போர் வேற."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"லைட்டைப் போடுடா."

"என் வண்டில பல்பு எரியல மாமா."

"விளையாட்டுல ஏதுடா பல்பு போறது?"

"நம்ம ராசி, போயிடுச்சு."

விளக்கில்லாதவன் வரிசையின் அழகைக் கெடுப்பான் என்று மச்சானைக் கடைசிக்குத் தள்ளினார் கமாண்டர். ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தால் வெற்றி. படை கிளம்பியது. ஈரத்துணி வாளியோடு அறைக்குள் வந்த மனைவி திரையைப் பார்த்தாள். "யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் இது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உண்மையிலேயே அழகாக இருந்தது. ஐந்து விளக்கும் ஒரே கோட்டில். கமாண்டர் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இன்னொன்று எடுக்கலாம் என்று திரும்பினால் நாலுதான் இருந்தது.

"ரெண்டாம் நம்பர், யாரைக் கேட்டு லைட்டை அணைச்சீங்க?"

"நான் அணைக்கல. மேலேர்ந்து ஒருத்தன் வந்து அணைச்சான். விழுந்துக்கிட்டு இருக்கேன்."

அடுத்து மூன்று. "டாக்டர், உங்களுக்குமா கட்டுப்பாடு இல்ல?"

"என் வண்டில பாதிதான் இருக்கு. அந்தப் பாதில லைட் இல்ல" என்றார் டாக்டர்.

பிறகு இரண்டு. பிறகு கமாண்டரே கட்டுப்பாட்டை மீறிக் கருகித் தரையில் கிடந்தார்.

அப்போது திரையில் எழுத்து வந்தது: பாலம் காலி, வெற்றி. எதிரிகள் ஐந்து விளக்கையும் விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் இருட்டோடு இருட்டாக, ஆற்றை ஒட்டித் தாழ்வாகப் போய்க் குண்டைப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

கமாண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாடிக்கையாளரிடம் சோபாவின் உடைந்த காலையே புது மாடல் என்று விற்ற நாக்கு அது. "பாத்தீங்களா? இதுதான் திட்டமே. வெளிச்சத்தைக் காட்டி அவனுங்களை இந்தப் பக்கம் இழுக்கறது, ஒருத்தன் இருட்டுல புகுந்து வேலையை முடிக்கறது. முன்கூட்டியே சொன்னா நடிப்பு சரியா வராதுன்னுதான் சொல்லல."

"பிரமாதமான திட்டம்" என்றார் டாக்டர், அதே இதமான குரலில். "ஆனா இழுக்கறதுக்கு அஞ்சு பேர் தண்டம். ஒருத்தர் போதும். அடுத்த வாரம் நீங்க மட்டும் எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு முன்னால போங்க. நாங்க அஞ்சு பேரும் இருட்டுல வர்றோம்."

"அப்ப தலைவர் யாரு?"

"முன்னால போறவர்தான் மாமா தலைவர்" என்றான் மச்சான். "இதுல என்ன சந்தேகம்?"

ஓட்டெடுப்பு நடந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவருக்கே போட்டார்கள். கமாண்டர் நன்றி சொன்னார். வேறென்ன சொல்ல முடியும், அவரும் அவருக்கேதான் போட்டிருந்தார்.