இருபத்தேழாம் நம்பர்

வரதராசன்பேட்டை ஜெசிந்தா, பெரம்பலூர் காலேஜ் ஹாஸ்டலில் கட்டிலோடு கிடந்து ஒன்பது நாளாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை. யாராவது தேடி வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அறைத்தோழி பிரவீணா வந்ததும் கேட்டாள். "எனக்கு நீயாடி ப்ராக்ஸி குடுக்குற?"

"நான் எதுக்குடி குடுக்கணும்? நீதான் தினம் முதல் பெஞ்சுல உக்காந்து 'பிரசன்ட் சார்'ங்கிற. கிளாஸ்ல அப்புடிச் சிரிக்கிற, இங்க வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற."

அம்மா போனில் பேசுவதும் வகுப்பில் சிரிக்கிற அந்த இன்னொருத்தியிடம்தான் என்று பிரவீணாவின் பேச்சிலிருந்து தெரிந்தது. "பாப்பா தெளிவா இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்கிறாளாம்.

மறுநாள் தலைகூட வாராமல் வகுப்பு வாசலில் போய் நின்றாள். சார் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு."

"பிரசன்ட் சார்." ஜெசிந்தாவின் குரலேதான். முதல் பெஞ்சில் எண்ணெய் வைத்து, படிய வாரி, இவளே உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கம் திரும்பி, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்" என்று உதட்டை அசைத்தாள். அன்பாகத்தான் சொன்னாள்.

போய்ப் படுத்தால் இனி யாருமே தேடமாட்டார்கள் என்று புரிந்தது. ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது நான் இல்ல. நான் பத்து நாளா வரல சார். எனக்கு முடியல."

வகுப்பு மொத்தமும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. சார் பேனாவை வைத்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று எழுந்து வந்தார்.

முதல் பெஞ்சுக்காரி மட்டும் தலை நிமிராமல் நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.