காற்றைக் குடித்த கடற்பஞ்சு

தீவுக் கிராமமான ஜாம்பியானியின் கரையில் கடல் நன்றாக வற்றியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், கடற்பஞ்சுகளைக் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கும் தன் கயிற்றடியில் நின்றிருந்தாள் சுவேனா. தண்ணீர் சூடேறிக் கடற்பாசியெல்லாம் கருகிப்போன பிறகு, அவள் நம்பியிருப்பது இந்தக் கடற்பஞ்சுகளைத்தான். அதிலும் ஒன்று தாய்ப்பஞ்சு. அதை நறுக்கித்தான் புதுக் கயிறுகளுக்கு நாற்றுக் கட்ட வேண்டும்.

கூட வந்த நாத்தனார் ஷெம்சாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கழுதை விட்டை மாதிரி கன்னங்கரேலென்று கிடக்கிறதே, இதையா வெள்ளைக்காரி உடம்பில் தேய்த்துக் குளிப்பாள் என்றாள். சுவேனாவுக்கு ரோஷம். தாய்ப்பஞ்சைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டாள். துளைகளெல்லாம் ஒழுகின. அப்போதுதான் உறைத்தது. பஞ்சு காற்றைக் குடிக்கக் கூடாது. குடித்தால் உள்ளேயே அழுகும். பக்கத்தில் தொங்குவதையும் கெடுக்கும்.

சட்டென்று அமுக்கிக் குலுக்கினாள். குமிழ்கள் வந்தன. எல்லாம் வந்துவிட்டதா என்று யார் கண்டது?

அடுத்து வந்த நாட்களில் கடல் அப்படி வற்றவில்லை; மறுபடி வற்ற, பிறை தெரிய வேண்டும். கயிற்றடியில் ஆள் மூழ்கும் ஆழம். அவளுக்கோ நீச்சல் தெரியாது. பிறை தெரியும்வரை கரையிலேயே கிடந்து தவித்தாள். தேங்காய்ப்பாலில் போட்ட மரவள்ளியைத் தீயவிட்டாள். அதைச் சொன்ன கணவன் மேல் எரிந்து விழுந்தாள். ஷெம்சா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம் அண்ணி."

"நான் கையக் கட்டிட்டு இருந்திருக்கலாம்."

பிறை தெரிந்த மறுநாள் இருவரும் இறங்கினார்கள். செத்த பஞ்சு நாறும். சுவேனா மோந்து மோந்து நடந்தாள். உப்பு வாடைதான் வந்தது. தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியை மாட்டித் தலையை அமிழ்த்தினாள். தாய்ப்பஞ்சின் உச்சியில் கட்டைவிரலளவு வெளுத்துச் செத்திருந்தது. அதைச் சுற்றி வெல்வெட்டுத் துணி போலக் கறுப்புத் தோல் மூடியிருந்தது. பெரிய துளைகள் திறந்தே இருந்தன.

ஷெம்சா ஒரு துளைக்கு நேரே விரலை நீட்டினாள்.

"விரல்ல ஏதோ ஊதுது அண்ணி."

"தண்ணி துப்புது. உசுரோடதான் இருக்கு."

சொன்னவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுறீங்களா சிரிக்கிறீங்களா?"

"பசிக்குதுடி. இத்தன நாளும் ஒண்ணுமே எறங்கல."

தன் வீட்டில் பேய்க்கணவாய்க் குழம்பு இருப்பதாகச் சொல்லி ஷெம்சா கையைப் பிடித்து இழுத்தாள். சுவேனா நகரவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்து, வெளுத்ததைச் சீவி எறிந்துவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே முதல் நாற்றை நறுக்கினாள். வெட்டுவாய் அழுகல் இல்லாமல் வெண்ணெய் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.