அரிசிக்குள் அடுக்குப்பெட்டி

புது வருஷ விருந்தை அடுக்கி வைக்கப் புதிதாக வாங்கிய அரக்குப் பூசிய அடுக்குப்பெட்டியை அரிசிக்குள் புதைப்பதா வேண்டாமா என்பதுதான் என் கணவர் தோகுஜியோடு நான் கடைசியாகப் போட்ட சண்டை. புது அரக்குப் பூச்சுக்கு ஒரு நெடி உண்டு; அரிசிக்குள் சில நாள் கிடந்தால் போய்விடும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று அடுக்கு! இரண்டு பேருக்கு இரண்டு போதும் என்று கடையிலேயே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. மூடியைப் பொருத்திக் கையை எடுப்பார். உள்ளிருந்த காற்று மெல்ல வெளியேற, மூடி தானாக இறங்கும். மறுபடி எடுப்பார், மறுபடி வைப்பார். கடைக்காரப் பெண் கொட்டாவியை விழுங்கினாள்.

"வாங்கப் போறீங்களா, விளையாடப் போறீங்களா?" என்றேன்.

"நல்ல மரவேலைன்னா இப்படித்தான் இறங்கும். பிளாஸ்டிக்னா தொப்புனு விழும்."

"விழட்டுமே. கழுவறது நான்தானே? ஊற வைக்கக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது, சூடா எதையும் வைக்கக் கூடாது. இது பெட்டியா, மாமியாரா?"

அன்று இரவே அரிசியைச் செய்தித்தாளில் கொட்டி, மூன்று அடுக்கையும் டப்பாவுக்குள் புதைத்துவிட்டுத்தான் தூங்கினார். மறுநாள் காலை வாசலில் பனி அள்ளப் போனவர், அங்கேயே சாய்ந்துவிட்டார்.

அதன்பின் அரிசி அள்ளும்போதெல்லாம் கிண்ணம் பெட்டி விளிம்பில் இடித்தது. புதைக்கத் தெரிந்தவருக்கு எடுத்து வைத்துவிட்டுப் போகத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வரும்.

ஆண்டு முடிவில் அவருடைய அக்கா கிகுனோ வந்தார்.

"துக்க வீட்டுல இந்தத் தடவை புது வருஷ விருந்து கிடையாது. அந்தப் பெட்டி உனக்கு எதுக்கு? என் மருமகளுக்குக் குடுத்துடு."

"அவ மைக்ரோவேவ்ல வைப்பா அண்ணி."

"வச்சா என்ன? தோகுஜி வந்து கேக்கப் போறானா?"

சொன்னவரே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அரிசிக்குள் கையை விட்டேன். தரையெல்லாம் அரிசி சிதறியது. பெட்டியை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அலசி, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்தேன். காலையில் வேகவைத்த காய்கறிகளையும் பொரித்த டோஃபுவையும் இரண்டு அடுக்கில் நிரப்பிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"இதென்னடி அநியாயம்? புது வருஷத்துக்கு எடுக்கற பெட்டி!"

"கொண்டாட்டம்தானே கூடாது? மத்தியானம் பசிக்கறதும் கூடாதா? பெட்டி இங்கதான் இருக்கும் அண்ணி."

அண்ணி சாப்பிடும் குச்சிகளைக் கையில் எடுத்தார்.

"ஆறினப்புறம்தானே வச்சே?"

"ஆமா."

"கழுவி உடனே தொடச்சிடணும். உன்னை நம்ப முடியாது."

திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார். அவர் எழுந்தபோது கேரட் துண்டுகள் மட்டும் பெட்டியின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. எழுபதைத் தாண்டியும் அண்ணி கேரட் சாப்பிடுவதில்லை.