இடது முன்சக்கரம்

நோரீன் டன்லெவி முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு எனக்குப் போன் செய்தது ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. ரஸ்ஸுடைய காரைத் திரும்ப ஓடவைக்க முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

"யோசிச்சுச் சொல்லு மார்லா. அது எந்த நிலைமையில கிடக்குன்னு எனக்கே தெரியாது. கராஜ் கதவை அன்னைக்கு மூடினதுதான்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல. வேற யாரையும் கூப்பிடாத. நானும் டெல்லும் வர்றோம்."

வேறு யாரையும் கூப்பிடாதே என்றதை அவள் பழைய பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

ரஸ் அவள் கணவன். எண்பத்தொன்பது ஜூனில், கெட்டில் ரிட்ஜ் மலைச்சாலையில் நடந்த கார்ப் பந்தயத்தில் செத்துப்போனான். அந்தப் பச்சை நிற இங்கிலாந்துக் காருக்கு அவன் ஓட்டுநர், நான் மெக்கானிக். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பந்தயத்தன்று காலையில், இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஸ்டீயரிங் தண்டு வந்து சேரும் மூட்டை மாற்றினேன். நட்டை இறுக்கிய பிறகு அது கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே காட்டர் பின் என்ற சின்னக் கம்பியைச் செருகி முனைகளை மடக்கிவிட வேண்டும். விரல் நீளம்கூட இருக்காது. அதைச் செருகக் குனிந்தபோது ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். தொடக்கக் கோட்டில் யாருடைய காரோ நின்றுபோயிருந்தது, தள்ள ஆள் வேண்டும். ஓடினேன். திரும்பி வந்தபோது ரஸ் சக்கரத்தைத் தானே மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். பின்னைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேனா? போட்டிருப்பேன் என்று நினைத்தேன். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பினான். மூன்றாவது வளைவில் கார் வளையவே இல்லை. நேராக ஓக் மரத்தில் போய் மோதியது.

வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தான் என்று அறிக்கை எழுதினார்கள். எங்கள் கார்ப் பந்தயக் கிளப்பின் புத்தகத்திலும் அப்படியே ஏறியது. ஊரும் அதையே சொன்னது. நோரீன் நொறுங்கிய காரை வீட்டுக்கு இழுத்துவரச் செய்து கதவை மூடினாள். நான் அவள் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டேன்.

இப்போது யாரோ ஒருவர் அந்தச் சக்கரத்தைக் கழற்றப் போகிறார் என்றால், அது நானாக இருக்க வேண்டும். நான் மட்டும் தனியாக இருக்கும்போது. போனை வைத்ததும் எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

ஆனால் நோரீன் காரை நானும் டெல்லும் நடத்தும் பட்டறைக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். "இந்த வாசலைத் தாண்டினா அது தானா ஓடித்தான் தாண்டணும். இங்கேயே வேலை பாருங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அதனால் புதன் மத்தியானமும் சனிக்கிழமை முழுதும் அவளுடைய கராஜிலேயே வேலை. கதவுப் பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டுக் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துகொள்வாள். சாப்பாடு எடுத்துவரப் போவதைத் தவிர, நாங்கள் கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

காரின் நிலைமை மோசம்தான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. டயர்கள் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. சீட்டுக்குள் மூன்று தலைமுறை எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. டாங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி, மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. பிரேக் எண்ணெய் கூழாகியிருந்தது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். ஒவ்வொரு முறை வரும்போதும் முன்னால் ஸ்பானரை மாட்டி ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பேன்.

என் தம்பி டெல் தகர வேலைக்காரன். இடது முன் மட்கார்டு கசக்கிய காகிதம் போலச் சக்கரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தது. முதல் நாளே அதைத்தான் காட்டினான்.

"இதை வெட்டி எடுத்துடறேன். அப்பதான் உள்ள என்னென்ன போயிருக்குன்னு தெரியும்."

"இன்ஜின் எழுந்திரிக்கட்டும் முதல்ல. அது செத்துப்போயிருந்தா தகரத்தை வெட்டி என்ன பிரயோஜனம்?"

"எப்பவும் சக்கரத்துலதான் ஆரம்பிக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்."

"இப்ப வேற சொல்றேன். கேளு."

நோரீன் புதிரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அறுபது வயசு ஆகப்போகுது, இன்னும் அக்காகிட்ட திட்டு வாங்கற ஆளு" என்றாள். டெல் சிரித்தான். நான் சிரித்துவைத்தேன்.

மே போய் ஜூன் வந்தது. நோரீன் மத்தியானங்களில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிய ஹலுஷ்கியைச் சட்டியோடு கொண்டுவருவாள். காரின் மூக்குமேல் துணியை விரித்து மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்தப் பழைய பேச்செல்லாம் தானாகத் திரும்பி வந்தது. அதை எப்படித் தாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் தன் மகன் காலினைப் பற்றிச் சொன்னாள். அப்பா இறந்தபோது அவனுக்கு நாலு வயது. இப்போது ஈரி நகரத்தில் மனைவி குழந்தைகளோடு இருக்கிறான்.

"அப்பா போட்டோ ஒண்ணுகூட அவன் வீட்டுல கிடையாது. ‘எங்களைவிட அந்த வளைவுதானே அவருக்குப் பெருசாப் போச்சு’ம்பான். நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் அதே கோபம்தான். அன்னைக்குக் காலையில மெதுவாப் போன்னு சொன்னேன். சத்தியம் பண்ணிட்டுப் போனான்."

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை நடுவில் இன்ஜின் ஒரு அங்குலம் அசைந்தது. பிறகு இரண்டு. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, புதுப் பெட்ரோலை ஒரு டப்பாவிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்து, சாவியைத் திருப்பினேன். மூன்று முறை இருமியது. நாலாவது முறை பின்னாலிருந்து எலிக்கூடும் புகையும் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. டெல் இருமியபடி வெளியே ஓடினான். நோரீன் நாற்காலியை விட்டு எழுந்து, காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"இனி உனக்குச் சாக்கு இல்ல" என்றான் டெல் என்னிடம். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அடுத்த புதன்கிழமை நோரீனுக்குப் பல் டாக்டரிடம் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் கிளம்பிய பிறகு டெல் மட்கார்டை வெட்டி எடுத்தான். அதை அச்சாக வைத்துப் புதுத் தகரம் வெட்ட வேண்டுமென்று வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். நாலு மாதத்தில் முதன்முறையாக நானும் காரும் தனியாக இருந்தோம்.

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே முப்பத்திரண்டு வருஷத்துச் சேறு காய்ந்து பாறையாக இருந்தது. சுரண்டினேன். ஸ்டீயரிங் தண்டு எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. நட்டைக் காணோம். மோதலில் பிய்ந்திருந்தால் முனையிலுள்ள திருகு மரைகள் வழித்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் துடைக்கத் துடைக்க ஒவ்வொரு மரையும் புதிது போல முழுசாக வெளியே வந்தது. நட் பிய்த்துக்கொண்டு போகவில்லை. சுழன்று சுழன்று கழன்று விழுந்திருக்கிறது. காட்டர் பின் போட்டிருந்து அது உடைந்திருந்தால் துளைக்குள் அதன் ஒரு துண்டாவது மாட்டிக்கொண்டிருக்கும். கம்பியால் துளையைக் குத்தினேன். மண் உதிர்ந்தது. துளையின் மறுபக்கத்தில் விளக்கைப் பிடித்தேன். வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். எழுந்து காரின் வலது பக்கம் போனேன். அந்த மூட்டிலிருந்த பழைய துருப்பிடித்த பின்னை உருவினேன். குறடால் நறுக்கினேன். நறுக்கிய முனை பளபளத்தது, அதை அரத்தால் தேய்த்து, சேற்றைக் குழைத்துப் பூசினேன். அந்தத் துண்டை இடது பக்கத் துளையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். முழுசாக இருந்த மரைகளின்மேல் கிரீஸை அப்பினேன். காட்டர் பின் இருந்தது, மோதலில் உடைந்தது என்று இப்போது யார் பார்த்தாலும் சொல்வார்கள். என் கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

வாசலில் நோரீனுடைய கார் வந்து நின்றது.

பாதி வாய் மரத்துப்போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சக்கரம் கழன்றிருப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் ஆரம்பிச்சுட்டியா?"

"இப்பதான்."

நாற்காலிக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். விளக்கை அவளே எடுத்தாள்.

"இது ஏன் தொங்குது?"

"இடிச்சதுல கழண்டுருச்சு."

"இதுக்குள்ள இருக்கறது என்ன?"

"பின்னு. பாதி உடைஞ்சு உள்ளயே நின்னுருக்கு."

"அப்போ மரத்துல மோதறவரைக்கும் எல்லாம் சரியா இருந்திருக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான் தெரியுது."

விளக்கைக் கீழே வைத்தாள். மரத்துப்போன உதட்டால் வார்த்தைகள் குழறின. அதனால் மெதுவாகப் பேசினாள்.

"நான் புதிர் போடறதுக்கா இங்க வந்து உட்கார்ந்திருந்தேன்? கடைசியா எப்ப ஒரு புதிரை முடிச்சேன்னு கேளு. நீ ஒவ்வொரு சாமானா கழட்டறப்போ, இதுல ஏதாவது இருக்கும், ஏதாவது ஒண்ணு ஒடைஞ்சிருக்கும்னு பார்த்துட்டே இருந்தேன். அவன் வேகமாப் போகல, வண்டிதான் ஏமாத்திருச்சுன்னு காலின்கிட்ட சொல்ல ஒரு சாமான் கிடைக்காதான்னு." எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டாள். "சரி. அவன்தான். இனிமே தேட வேண்டியதில்ல."

வீட்டுக்குள் போகும் கதவை அவள் தொட்டுவிட்டாள்.

"நோரீன், அதை நான்தான் வெச்சேன்."

திரும்பினாள்.

"அந்தத் துண்டை. இப்ப, பத்து நிமிஷம் முன்னாடி. அந்தப் பக்கத்துலேருந்து எடுத்து இங்க செருகினேன். இங்க பின்னே இல்ல. அன்னைக்குப் போடாம ஓடிட்டேன். நட்டு கழண்டு விழுந்துருக்கு. ரஸ் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருப்பான், சக்கரம் திரும்பியிருக்காது. அவன் என்ன வேகத்துல போயிருந்தாலும் திரும்பியிருக்காது."

குறடால் துண்டைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நிச்சயமா இன்னைக்குத்தான். சந்தேகம் அன்னையிலேருந்து."

"அடக்கத்துல என் கையைப் பிடிச்சுட்டு நின்னியே."

"ஆமா."

"அப்பவும் சந்தேகம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம். மடக்கு நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். "எதையும் தொடாத. அப்படியே விட்டுட்டுப் போ" என்றாள்.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நோரீனிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு டெல் வந்து, உட்காராமல் சமையலறையில் நின்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"தெரியாது. ஆனா அதை முடிவு பண்ண எனக்கு ஒரு வாய்ப்பாவது கிடைச்சிருக்கும்."

காரை அவனே தொடர்ந்து செய்தான். நோரீன் அவனை மட்டும் உள்ளே விட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து அவனிடம் ஒரே ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கிளப்காரர்கள் மீன் வறுவல் விருந்துக்குக் கூடுவார்கள், அங்கே எல்லாருக்கும் முன்னால் மார்லா சொல்லட்டும்.

போனேன். அறுபது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் அன்று மலையில் இருந்தவர்கள். மைக்கில் நாலே நிமிஷம்தான் பேசினேன். போடாத பின்னைச் சொன்னேன். செருகிய துண்டையும் சொன்னேன். பேசி முடித்து மைக்கை வைத்தேன். பந்தயத்தன்று தொடக்கக் கோட்டில் கொடி அசைத்த பெரியவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்றுவரை என்னோடு அவர் பேசுவதில்லை. செயலாளர் பழைய புத்தகத்தை எடுத்து, அந்த வரியை அடித்துப் புதிதாக எழுதி, சத்தமாக வாசித்தார்: ஓட்டுநர் மேல் தவறு இல்லை. நோரீன் கடைசி வரிசையில் இருந்தாள். அதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாள்.

அக்டோபரில் கார் முடிந்தது. நோரீன் தானே கெட்டில் ரிட்ஜ் உச்சிவரை ஓட்டிப் போய் வந்தாள் என்று டெல் சொன்னான். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை என் வீட்டு மணி அடித்தது. வெளிப்படியில் உயரமாக ஒரு ஆள். பார்த்ததும் தெரிந்தது, ரஸ்ஸின் தாடை.

"நான் காலின் டன்லெவி" என்றான். "உள்ள வரல. உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்லவும் வரல."

"சரி" என்றேன்.

கையைப் பாக்கெட்டில் விட்டு, எடுத்து, மறுபடி விட்டான். "அந்த ஒரு வளைவைத் தவிர எங்கப்பாவைப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்ல. அம்மாவுக்கும் அந்த நாள் மட்டும்தான் மனசுல நிக்குது. ஆறு வருஷம் அவரோட எல்லாப் பந்தயத்துக்கும் போனது நீங்கதான்னு டெல் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினான். "அவரு எப்படி ஓட்டுவாரு?"

கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். மழையில் எப்படி ஓட்டுவான், கியர் மாற்றும்போது எப்படி நாக்கைக் கடித்துக்கொள்வான், ஜெயித்ததைவிட வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்ததற்கு எப்படிப் பீற்றிக்கொள்வான் என்று சொன்னேன். மேரிலாந்துக்குப் போன வழியில் குட்டிகளோடு சாலையைக் கடந்த ஒரு வாத்துக்காகக் காரை ஓரங்கட்டிவிட்டு, பந்தயத்துக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன்.

காலின் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டான்.